பட்டறைக் கேள்வி–பதில்: வெட்டும் முன் பிடியுங்கள்

இரும்பு வேலைக் கருவிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மதுரை கே.புதூர்ப் பக்கம் கேட், கிரில், தகர ஷெட் வேலைகள் செய்துவரும் பட்டறைக்காரர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். இப்போது ஊரிலேயே சின்னதாக கிரில், கேட் வேலை ஆரம்பிக்கப் போகிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. 14 இஞ்ச் கட்டிங் மிஷினும் பெரிய வெல்டிங் செட்டும் முதலில் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? — உசிலம்பட்டி வாசகர்

தம்பி, அவர்கள் சொல்கிற இரண்டும் வெட்டுகிற சாமானும் ஒட்டுகிற சாமானும். அதற்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது பிடிக்கிற சாமானும் அளக்கிற சாமானும். ஆடுகிற இரும்பை எந்த மிஷினாலும் நேராக வெட்ட முடியாது. கோணலாக நிற்கும் சட்டத்தை எவ்வளவு அழகாக வெல்டு வைத்தாலும் அது கோணல் கேட்தான். பட்டறையில் நடக்கிற விபத்துகளையும் திரும்பி வருகிற வேலைகளையும் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரும்பைச் சரியாகப் பிடிக்காததில்தான் போய் நிற்கும்.

அதனால் முதல் செலவு வைஸ், அதாவது இரும்பை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற சாமான். 6 இஞ்ச் பெஞ்ச் வைஸ், கொஞ்சம் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே தாடையைப் பாதி திறந்து, முன்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதிகமாக லொடலொடத்தால் அது வேண்டாம். தாடை இரண்டும் மூடும்போது நடுவில் மட்டுமோ ஓரத்தில் மட்டுமோ வெளிச்சம் தெரியக் கூடாது. சாதாரண வார்ப்பிரும்பு வைஸின் மேல் சம்மட்டியால் அடித்தால் உடைந்துவிடும். அடிக்கிற வேலைக்கு ஒரு ரயில் தண்டவாளத் துண்டோ கனமான பிளேட்டோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வைஸின் மேல்விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நாள் முழுக்க அரம் போட்டபின் முதுகு சொல்லும்.

வைஸை மரப்பெஞ்சில் மாட்டாதீர்கள். 50-க்கு 50 மி.மீ. ஆங்கிளில் கால் செய்து, மேலே 8 மி.மீ. பிளேட் போட்டு ஒரு மேஜை நீங்களே செய்யுங்கள். உங்கள் பட்டறையின் முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும். மேல்தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் சரி. இடைவெளி இருந்தாலோ, ஒன்று இன்னொன்றை அழுத்தினாலோ மேஜை முறுக்கியிருக்கிறது. கீழே இருக்கிற நூல் மேலே இருப்பதை அழுத்துகிறதா என்பதையும் பார்த்து, மேல்நூலையும் கீழ்நூலையும் மாற்றிக் கட்டி இன்னொரு தடவை சோதித்துவிடுங்கள். இந்த மேஜையில்தான் உங்கள் எல்லா கேட்டும் பிறக்கப்போகிறது. இதில் அவசரம் கூடாது.

அப்புறம் கிளாம்ப். குறைந்தது ஆறு ஜி கிளாம்ப் வேண்டும், 4 இஞ்சும் 6 இஞ்சும் கலந்து. பூட்டுகிற கிரிப் பிளேயர் இரண்டு. அளப்பதற்கு 5 மீட்டர் டேப், 12 இஞ்ச் ஸ்டீல் ஸ்கேல், நல்ல மூலைமட்டம், ஸ்கிரைபர், சென்டர் பஞ்ச். சாக்பீஸ் கோட்டின் தடிமனே 3 மி.மீ. இருக்கும். அந்தக் கோட்டில் எந்த ஓரத்தில் வெட்டுவது? ஸ்கிரைபர் கீறல் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

சட்டத்தைச் சேர்த்து வைத்ததும், மூலைக்கு எதிர்மூலை இரண்டு குறுக்களவையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலைகள் நேர். நாலு மூலையிலும் டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்டு, வைத்துவிட்டு மறுபடியும் எடுங்கள். முழு வெல்டை ஒரே மூலையில் முடித்துவிடாமல் எதிரெதிர் மூலையாக மாறி மாறி வையுங்கள். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். கிளாம்பை ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

இத்தனையும் வாங்கிய பிறகு 4 இஞ்ச் கிரைண்டர், அதாவது நம் ஆட்கள் ஏ.ஜி.4 என்று சொல்வது. அதோடு சிங்கிள் ஃபேஸில் ஓடும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் செட். கிரில் வேலைக்கு 12 கேஜ் வெல்டிங் ராடும், அதைவிடத் தடித்த 10 கேஜ் ராடும்தான் பெரும்பாலும் போகும். 12-க்கு 60 முதல் 90 ஆம்பியர், 10-க்கு 90 முதல் 130 ஆம்பியர் போதும். 400 ஆம்பியர் எதற்கு?

வெல்டிங் செட்டின் பெயர்ப்பலகையில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு எண் போட்டிருக்கும். 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெல்டு வைக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தக் கணக்கை பொதுவாக 40 டிகிரி வெப்பத்துக்குப் போடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் 40-ஐத் தாண்டிவிடும். ஆகவே அந்த மாதங்களில் செட்டுக்கு இன்னும் கூடுதலாக ஓய்வு கொடுங்கள். கிரைண்டர் அடிக்கிற திசையில் செட்டை வைக்காதீர்கள். இரும்புத் தூளை அதன் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும், போர்டு போய்விடும்.

14 இஞ்ச் கட்டிங் மிஷின் நல்ல சாமான்தான். ஒரே அளவில் ஐம்பது துண்டு வெட்டுகிற ஆர்டர் வரும்போது வாங்குங்கள். அதுவரை ஏ.ஜி.4-ம் ஹாக்ஸாவும் போதும்.

இன்னொன்று. மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த மிஷினையும் சொருக வேண்டும். இது உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே போனாலும் செய்யுங்கள்.

கேள்வி: ஏ.ஜி.4-ல் கட்டிங் போடும்போது சில சமயம் மிஷின் கையை உதறிக்கொண்டு பின்னால் வருகிறது. இங்கே எல்லாப் பட்டறையிலும் வீலை மறைக்கிற கார்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள், நானும் அப்படித்தான். அதனாலா? — மேலூர் வாசகர்

உதறுவதற்குக் காரணம் கார்டு இல்லாதது இல்லை அண்ணே. ஆனால் உதறும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கார்டுதான். இன்றைக்கே எடுத்து மாட்டிவிடுங்கள்.

ஏ.ஜி.4 நிமிடத்துக்கு 11,000 சுற்று வாக்கில் ஓடுகிறது. 105 மி.மீ. வீலின் விளிம்பு அந்தச் சுற்றில் நொடிக்கு 60 மீட்டர் போகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீல் உடைந்தால் துண்டுகள் அந்த வேகத்தில் வரும். அந்த நேரத்தில் ஒதுங்க யாராலும் முடியாது.

இரும்பு வெட்டுகிற வீலில் பொதுவாக நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். கார்டைக் கழற்றியவர்கள் அடுத்து செய்வது, ஏ.ஜி.7 என்கிற 7 இஞ்ச் கிரைண்டரின் பெரிய வீலை ஏ.ஜி.4-ல் ஏதாவது வாஷர் வைத்து மாட்டுவது. 180 மி.மீ. வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 103 மீட்டரைத் தாண்டுகிறது. தயாரித்தவர் தாங்கும் என்று சொன்ன அளவுக்கு மேலே இது. மரம் அறுக்கிற பல் பிளேடை ஏ.ஜி.4-ல் மாட்டுவது இதைவிட மோசம். அது மரத்தில் கவ்விக்கொண்டால் மிஷின் நேராகத் தொடைக்கும் கழுத்துக்கும் வரும். யார் கேட்டாலும் என் பட்டறையில் அதைச் செய்ய விடமாட்டேன்.

இப்போது உதறலுக்கு வருவோம். வெட்டும் துண்டு இரண்டு பக்கமும் தாங்கலில் இருந்து நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாக ஆக துண்டு கீழே தொய்ந்து வெட்டுவாய் மூடிக்கொள்ளும். வீலை இரும்பு கவ்வும், மிஷின் உதறும். வெட்டி விழ வேண்டிய பக்கம் தொங்கலாக இருக்கட்டும், மற்ற பக்கம் வைஸில் இருக்கட்டும். அப்போது வெட்டுவாய் திறந்துகொண்டே போகும். வைஸுக்கு மிக அருகில் வெட்டுங்கள். காலால் பைப்பை மிதித்துக்கொண்டு வெட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெட்டுகிறபோது மிஷினைச் சாய்க்கவும் கூடாது, 1 மி.மீ. கட்டிங் வீலின் பக்கவாட்டால் தேய்க்கவும் கூடாது. தேய்ப்பதற்குத் தடித்த வீல் தனியாக இருக்கிறது.

வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் போட்டிருக்கும். அது காலாவதித் தேதி. வீலில் மணல் போன்ற துகளைச் சேர்த்துப் பிடிப்பது ரெசின் என்கிற பசை. ஈரத்திலும் காலத்திலும் அது பலம் குறையும். ஓட்டை ஷெட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த வீலை, தேதி இருந்தாலும் நான் மாட்டமாட்டேன்.

பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கண்ணாடி போட வேண்டும். கைலி கட்டிக்கொண்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு கிரைண்டர் பக்கம் போகவே கூடாது.

கேள்வி: ஹாக்ஸா பிளேடு வாங்கினால் ஒரே வாரத்தில் ஒடிந்துபோகிறது. நான் பம்ப்செட் பைப், ஆங்கிள் மட்டும்தான் அறுக்கிறேன். — சோழவந்தான் விவசாயி

பிளேடில் இஞ்சுக்கு எத்தனை பல் என்று போட்டிருக்கும். 18, 24, 32 என்று கிடைக்கும். எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும். 2 மி.மீ. பைப்பை 18 பல் பிளேடால் அறுத்தால் பல் ஒவ்வொன்றாகச் சுவரில் மாட்டி உடையும். உங்கள் வேலைக்கு 24 வாங்குங்கள், மெல்லிய டியூபுக்கு 32. பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தள்ளும்போது அழுத்துங்கள், இழுக்கும்போது அழுத்த வேண்டாம். பைப்பை ஒரே நிலையில் வைத்து முழுதும் அறுக்காமல், சுவரைத் தாண்டியதும் கொஞ்சம் உருட்டிக்கொள்ளுங்கள்.

பாதி வெட்டில் பிளேடு ஒடிந்தால், புது பிளேடை அதே வெட்டுவாயில் விடாதீர்கள். பழைய பிளேடின் பல் தேய்ந்து வெட்டு ஒடுங்கியிருக்கும், புது பிளேடின் பல் விரிவு அதில் இறுகி அதுவும் ஒடியும். எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள்.

கேள்வி: எவர்சில்வர் ஷீட்டிலும் பட்டையிலும் ஓட்டை போட்டால் டிரில் பிட் கருகிவிடுகிறது. இரும்பில் நன்றாகப் போகிற அதே பிட்தான். — வில்லாபுரம் வாசகர்

வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சாதாரண இரும்பில் 10 மி.மீ. ஓட்டைக்கு 800 சுற்று சரியாக இருக்கும். எவர்சில்வருக்கு அதில் பாதிக்கும் கீழே, 350 சுற்று வாக்கில் வைக்க வேண்டும். வேகம் மாற்ற முடியாத ஹேண்ட் டிரில் ஓடுகிற ஓட்டத்தில் எவர்சில்வர் பிட்டைத் தின்றுவிடும்.

எவர்சில்வருக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் இல்லாமல் பிட் அதன் மேல் வெறுமனே சுற்றித் தேய்த்தால், தேய்ந்த இடம் இறுகிப்போய்விடும். அப்புறம் புது பிட்டும் அதில் இறங்காது. 'கிரீச்' என்று சத்தம் வந்தாலே அது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வைத்ததும் சுருள் வர வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும். சுருள் நின்றால் பிட்டைத் தூக்கிவிடுங்கள். கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். அடிக்கடி இந்த வேலை வருமென்றால் கோபால்ட் கலந்த பிட் வாங்குங்கள். முனைக்கோணம் 118-க்குப் பதிலாக 135 டிகிரி இருப்பது எவர்சில்வருக்குப் பொருந்தும்.

மெல்லிய ஷீட்டில் சாதாரண பிட் வட்டமாகப் போடாது, மூன்று மூலையாகக் கிழிக்கும். அதற்குப் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் இருக்கிறது. ஷீட்டுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில்தான் ஷீட்டைக் கவ்விச் சுழற்றும். கையால் பிடித்த ஷீட் அப்போது கத்தியாகிவிடும். கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சுற்றுகிற டிரில் அருகே கையுறை கூடாது. துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

எவர்சில்வருக்கு வைத்திருக்கும் கிரைண்டிங் வீல், கம்பி பிரஷ் இரண்டையும் இரும்பில் போடாமல் தனியாக வையுங்கள். இரும்புத் தூள் ஒட்டினால் பிறகு அந்த இடத்தில் துருப்பொட்டு கிளம்பும், வாடிக்கையாளர் எவர்சில்வரே போலி என்பார்.

கேள்வி: மெக்கானிக்கல் படிக்கிறேன். பட்டறையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு கருவி எது ஐயா? கம்ப்யூட்டரே மிஷினை ஓட்டுகிற சி.என்.சி. காலத்தில் கைக்கருவிகளைப் பழகத்தான் வேண்டுமா? — திருமங்கலம் மாணவர்

அரம். யோசிக்காமல் சொல்வேன். அதிலும் 10 இஞ்ச் அரைவட்ட அரம், நடுத்தரப் பல்லுள்ள செகண்ட் கட். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. பைப் முனையில் இன்னொரு பைப் உட்காரும்படி வாய் எடுப்பது, தாழ்ப்பாள் ஓட்டையை நீள்வட்டமாக்குவது, கிரைண்டர் நுழையாத மூலையில் வெல்டைச் சமன் செய்வது எல்லாம் இந்த ஒன்றால் முடியும். கூடவே 12 இஞ்ச் தட்டை பாஸ்டர்ட் ஒன்று, முரட்டு வேலைக்கு. 8 இஞ்ச் ஸ்மூத் ஒன்று, கடைசி மினுக்குக்கு. முக்கோணமும் உருளையும் தேவைப்படும்போது வாங்கலாம்.

கிரைண்டர் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரிவதற்குள் அரை மி.மீ. போய்விடும். அரம் ஒவ்வொரு தள்ளலுக்கும் கைக்குச் செய்தி அனுப்பும். இரும்பு மென்மையா, இறுகியதா, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது கைப்பிடி வழியாகத் தெரியும். இறுகிய எஃகின் மேல் அரம் கடிக்காமல் வழுக்கும். ஒரு துண்டு எஃகு ஹார்டன் ஆகியிருக்கிறதா என்று பட்டறையில் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கையால் செய்கிற அந்தப் பூட்டின் சாவிக்கும் லீவருக்கும் இடையே கடைசி மயிரிழைப் பொருத்தத்தைக் கொண்டுவருவது அரம்தான்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் ஆரம்பத்தில் மாதக்கணக்கில் அரம் போடவைக்கிறார்களே என்று பையன்கள் சலித்துக்கொள்வார்கள். சலிக்க வேண்டாம். ஒரு சதுரத் துண்டை ஆறு பக்கமும் மட்டமாக அரம் போட்டு எடுத்தவனுக்கு, மட்டம் என்றால் என்ன என்பது அதன்பிறகு மறக்காது. சி.என்.சி.யில் உட்கார்ந்தாலும் துண்டை வைஸில் கட்டும்போது அடியில் ஒரு பிசிறு கிடந்தால் அளவு போய்விடும் என்று அவனுக்குத் தோன்றும்.

அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது லேசாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். கைப்பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் இறங்கிவிடும், ஆகவே முதலில் கைப்பிடி. அலுமினியம், பித்தளை போடும் முன் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டால் தூள் பல்லுக்குள் அடைக்காது. அடைத்ததை ஒரே திசையில் கம்பி பிரஷால் தள்ளி எடுங்கள். புது அரத்தைக் கொண்டுபோய் வெல்டு கசடிலும் கருப்புச் செதிள் மேலும் போடாதீர்கள். அதைக் கிரைண்டரால் அகற்றிவிட்டு அப்புறம் அரம். பெட்டிக்குள் அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. எல்லாமே ஒரே கடினம், ஒன்றையொன்று தின்னும். சுவரில் ஒரு பலகை அடித்து வரிசையாக மாட்டுங்கள். எண்ணெயும் தடவாதீர்கள், வழுக்கும்.

கேள்வி: லாரி வில்லுப்பட்டையிலிருந்து உளியும் பஞ்சும் நாமே செய்துகொள்ள முடியுமா? திருப்பாச்சேத்தி அரிவாள் அதில்தான் செய்கிறார்கள் என்று சொல்கிறார்களே. — திருப்புவனம் வாசகர்

முடியும். திருப்பாச்சேத்தி உலைகளில் வில்லுப்பட்டையைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும், சிலிக்கானும் மாங்கனீசும் கலந்திருக்கும். கூரும் நிற்கும், சட்டென்று ஒடியவும் செய்யாது. கிரைண்டரில் வைத்துப் பொறியைப் பாருங்கள். சாதாரண எம்.எஸ். இரும்பில் பொறி நீளக் கோடாகப் போகும், வெடிப்பு குறைவு. வில்லுப்பட்டையில் கோட்டின் முனையில் கிளைகிளையாக வெடிக்கும்.

ஒடிந்த பட்டை வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து உருவம் கொடுங்கள். சிவப்பு மங்கிய பிறகு அடிக்காதீர்கள். கூர் முனையை மறுபடி காய்ச்சும்போது ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். 770 டிகிரி வாக்கில் காந்தம் பிடிப்பதை நிறுத்தும். அதற்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோய் எண்ணெயில் முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் கீறல் விழலாம். எண்ணெய் இரும்பு வாளியில் இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடுவதற்குத் தகர மூடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முக்கியதோடு விட்டால் உளி கண்ணாடிபோல் தெறிக்கும். முனையைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முனையிலிருந்து தள்ளிப் பின்பக்கத்தில் மெதுவாகச் சூடு காட்டுங்கள். நிறங்கள் வரிசையாக முனையை நோக்கி ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா முனைக்கு வந்ததும் நிறுத்தி ஆறவையுங்கள். அது 280 டிகிரி வாக்கில் இருக்கும். தலைப்பக்கத்தை ஹார்டன் செய்யவே கூடாது. அடி வாங்கித் தலை குடைபோல் விரிந்தால் அந்த விளிம்பைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் துண்டு தெறிக்கும்.

கேள்வி: ஜி.ஐ. பைப் வெல்டு வைத்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால், வாழைப்பழம் சாப்பிட்டால் வராது என்கிறார்கள். — அலங்காநல்லூர் வெல்டர்

பாலும் பழமும் வயிற்றுக்குப் போகும் தம்பி, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகம். 907 டிகிரியில் அது ஆவியாகிவிடும், வெல்டிங் ஆர்க் அதைவிடப் பல மடங்கு சூடு. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை வரும். வெல்டு வைக்கும் இடத்தில் இரண்டு இஞ்ச் தூரத்துக்குத் துத்தநாகத்தை முதலில் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அப்போதும் மாஸ்க் போடுங்கள். மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து வரும்படி நில்லுங்கள். வெறும் துணி மாஸ்க் பயன்படாது, உலோகப் புகைக்கென்று உள்ள மாஸ்க் வேண்டும். மூச்சுத் திணறினாலோ, மறுநாளும் காய்ச்சல் விடாவிட்டாலோ டாக்டரிடம் போய், ஜி.ஐ. வெல்டு வைத்தேன் என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வெறுமையான இடத்துக்கு ஜிங்க் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: டிரில், கிரைண்டர் எந்த கம்பெனி வாங்கலாம்? — மேலவாசல் வாசகர்

கார்பன் பிரஷ், சுவிட்ச், பேரிங், ஆர்மேச்சர் நாலும் மதுரையிலேயே கிடைக்கிற எந்த கம்பெனியும் சரி. மிஷின் வாங்கும்போதே அதற்குரிய கார்பன் பிரஷ் ஒரு ஜோடி கேளுங்கள். உடனே எடுத்துக் கொடுத்தால் வாங்கலாம்.

கேள்வி: என் வீட்டு 6 மீட்டர் ஸ்லைடிங் கேட் காலையில் லாக் விழுகிறது, மதியம் விழுவதில்லை. செய்தவர் அளவு சரி என்கிறார். — ஒத்தக்கடை வாசகர்

அவர் அளவு சரியாகவே இருக்கலாம். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். விடிகாலைக்கும் உச்சி வெயிலில் காய்ந்த கேட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 6 மீட்டரில் 2 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். லாக் ஓட்டையை அந்தத் திசையில் மட்டும் அரம் போட்டு 3 மி.மீ. நீள்வட்டமாக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. கேட்டை வெட்டத் தேவையில்லை.

கேள்வி: ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைக்கிறோம். பூஜைக்கு முன் மிஷின்களுக்கு என்னென்ன பராமரிப்பு செய்ய வேண்டும்? — அவனியாபுரம் வாசகர்

நல்ல வழக்கம், விடாமல் செய்யுங்கள். எங்கள் பட்டறையில் பூஜைக்கு முந்தின நாள் வெளிவேலை எதையும் ஒத்துக்கொள்ள மாட்டோம். வைஸை முழுக்கக் கழற்றி, திருகில் இருக்கும் பழைய கிரீஸையும் தூளையும் மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைப்போம். கிரைண்டரிலும் டிரில்லிலும் கார்பன் பிரஷை எடுத்துப் பார்த்து, 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் மாற்றுவோம். எல்லா ஒயரையும் கையால் உருவிப் பார்ப்போம். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர் இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும்.

மூலைமட்டத்தையும் அன்றைக்கே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள பிளேட்டின் மேல் மட்டத்தை வைத்து ஸ்கிரைபரால் ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப்போக விலகினால், விலகலில் பாதி மட்டத்தின் பிசகு. கீழே விழுந்த மட்டத்தை இந்தச் சோதனை இல்லாமல் மறுபடி எடுக்கவே கூடாது.

பொட்டு வைப்பதில் ஒன்று மட்டும் பாருங்கள். சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. வெர்னியர் தாடை, மூலைமட்டத்தின் விளிம்பு, அரத்தின் பல், டிரில் சக்கின் வாய் இங்கெல்லாம் வைத்தால் ஒரே இரவில் துரு பிடிக்கும். இவற்றுக்கு உறையின் மேலோ கைப்பிடியின் மேலோ வையுங்கள். மிஷின்களுக்கும் காற்றுத் துவாரம் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள், விபூதித் தூள் உள்ளே போகாமல் இருக்கட்டும். மறுநாள் விஜயதசமி அன்று மிஷினை ஓட்டும் முன் பொட்டை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, வெறும் இரும்பு தெரியும் இடங்களில் ஒரு சொட்டு மிஷின் ஆயில் தடவினால் போதும்.